அப்பாவின் முட்டுவலி

கரமனை

சௌபாக்கியவதி மாளவிகாவுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். இங்கே நான் சௌக்கியம், அப்பாவும் சௌக்கியம் என்று இந்தத் தடவைதான் மனசார எழுதுகிறேன். நீயும் அனீஷும் வயிற்றுக் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான் அப்பளப் பார்சலுக்குள் இதை வைக்கிறேன்.

முழங்கால் முட்டுவலி, பிரசவத்துக்கு மெல்பர்ன் வரமாட்டேன் என்று அப்பா சொன்னதும், அனீஷைக் கட்டிக்கொண்ட கோபம் அவருக்கு இன்னும் தீரவில்லை என்று நீ அழுதாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அசடே, கோபமும் இல்லை, முட்டுவலியும் இல்லை. அப்பாவுக்கு மலச்சிக்கல். வருஷக்கணக்காக இருக்கிறது, கடுக்காய், விளக்கெண்ணெய் எல்லாம் பார்த்தாச்சு. உன்னிடம் சொல்லக் கூச்சம், டாக்டர் செல்லபாய் பொம்மனாட்டி என்று அவரிடமும் கூச்சம். நான்தான் சொன்னேன், இவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் ராத்திரிக்கு ஒரு மாத்திரை எழுதினார், நன்றாகக் கேட்டது. அப்போது பார்த்து ஏகாதசி வந்தது. பட்டினி வயிற்றில் மாத்திரை கூடாது என்று இவராகவே முடிவு கட்டி, மறுநாள் துவாதசிப் பாரணை ஆனதும் விட்டுப்போனதையும் சேர்த்து இரண்டாக முழுங்கிவிட்டார். சாயங்காலம் நீ நல்லபடி பெற்றுப் பிழைக்க வேண்டுமென்று பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போனோம். வரிசையில் நின்றவர் திடீரென்று வேர்த்து விறுவிறுத்து, தேங்காயும் கையுமாக ஓடினார் பார், ஒரு ஹோட்டல்காரன் கழிப்பறையைக் காட்டினானோ மானம் பிழைத்தது. அன்றோடு மாத்திரையை விட்டார். ஃப்ளைட்ல இப்படி ஆனா எங்க ஓடுவேன், நான் வரலை, அவகிட்ட முட்டுவலின்னு சொல்லிடு என்றார். வயிறு மறுபடி கல்லாகி, சாப்பாடும் இல்லை, பேச்சும் இல்லை.

நீ அழுத மறுநாள் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை அப்பாவே வாய் திறந்து ஏகாதசி உள்பட எல்லாவற்றையும் சொன்னார், உன் அழுகை அவரை அப்படிப் படுத்தியிருந்தது. அந்த அம்மாள் சிரிக்கவே இல்லை. சாரே, இதுல நாணிக்க என்ன இருக்கு, ஒரு நாள் விட்டுப்போனா போகட்டும், மறுநாள் சேர்த்து விழுங்கப்படாது கேட்டோ என்று சொல்லி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பொடியாக மாற்றிக் கொடுத்தார். மெதுவாகத்தான் கேட்கும், பொறுக்க வேண்டும் என்றார். பொறுத்தோம். இப்போது காலையில் பாத்ரூமிலிருந்து ஏதோ கீர்த்தனையை முனகிக்கொண்டே வருகிறார், எனக்குக் கண்ணில் ஜலம் வந்துவிடுகிறது. இதற்கெல்லாமா அழுவாள் என்று நீ சிரிப்பாய், சிரி.

நேற்று பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, அங்கெல்லாம் வெறும் காகிதம்தானாமே, மாப்பிள்ளைகிட்ட ஒரு பக்கெட்டும் மக்கும் வாங்கி வைக்கச் சொல்லு என்றார். அவர் வாயால் மாப்பிள்ளை என்று நான் கேட்டது இதுதான் முதல் தடவை, குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

டிக்கெட் போடும்போது பாத்ரூம் பக்கத்து ஸீட்டாகப் பார். பிள்ளைத்தாய்ச்சிக்கும் இந்தத் தொல்லை வரும், வந்தால் அப்பா மாதிரி மூடி மறைக்காமல் உன் டாக்டரிடம் சொல்லு. பிள்ளையார் துணையிருந்து சுகப்பிரசவம் ஆகட்டும், தீர்க்கசுமங்கலியாக இரு. பக்கெட்டை மறக்காதே. நீ வாங்காதே, அனீஷே வாங்கட்டும், அப்பா சொன்ன வார்த்தையை மாற்றாமல் அவனிடம் சொல்லு.

உன் அம்மா
விஜயலக்ஷ்மி