படிக்காமல் விட்ட தாள்

உன் தீர்ப்பின் நகல் இன்று காலை தபாலில் வந்தது. தெலுங்கில் ஒன்பது பக்கம். நீ குற்றவாளி இல்லையாம். நீ போன பிறகும் உன் மனைவி விடாமல் நடத்திய அப்பீல். நீ செத்துப் பதினோரு மாதம் ஆகிறது.

ரேணிகுண்டா சாலையில் மாங்காய் லோடை நிறுத்திவிட்டு டீ குடிக்க இறங்கினாய். நீ செய்தது அவ்வளவுதான். முன்னால் நின்ற லாரியில் செம்மரக் கட்டை. அதன் டிரைவர் ஓடிவிட்டான். எதற்கு ஓட வேண்டும் என்று நீ நின்றாய், மடையா. பிடித்து வைத்திருந்த வனத்துறை ஆபீசிலிருந்து எனக்குப் போன் செய்தாய், உடனே வந்து சேர்ந்தேன்.

உன் தெலுங்கைக் கேட்டால் தமிழ் வீட்டுப் பிள்ளை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பேசுவாய், திட்டுவாய், பாட்டுக்கூடப் பாடுவாய். படிக்க மட்டும் வராது. ஆந்திர எல்லையோரம் நம் பக்கம் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள் பாதிப் பேர் அப்படித்தான். அதை வெளியே சொல்ல உனக்கு வெட்கம். பஸ் போர்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை, தெலுங்குப் பள்ளியில் படித்த நான்தான் உனக்குப் படித்துச் சொல்வேன்.

அந்த ஆபீசில் இருந்த அதிகாரி தெலுங்கில் எழுதிய தாளை நீட்டி, கையெழுத்துப் போடப் பேனாவையும் கொடுத்து, "சந்தகம் பெட்டு" என்றார். நீ தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய்.

"இன்னா எழுதிக்கீதுப்பா?"

உன்னை வெளியே கூட்டி வந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. "லோடு விவரம்தான். போட்டுட்டு வா, போலாம்" என்றேன். படிக்காமலே சொன்னேன். நீ தமிழில் உன் பெயரை எழுதினாய். கட்டை கடத்தலுக்குத் துணையாக வந்தேன் என்று ஒப்புக்கொள்ளும் வாக்குமூலம் அது.

அப்புறம் ஜெயில், திருப்பதிக் கோர்ட்டு, வண்டி கொடுக்க மறுத்த முதலாளிகள். ஊரில் உன் பெயரே 'கட்டை கேசு' என்றானது. ஒருநாள்கூட நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ திட்டியிருக்கலாம்.

மத்தியானம் உன் மனைவிக்குத் தீர்ப்பை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். வாக்குமூலம் தெலுங்கில், கையெழுத்து தமிழில், படித்துக் காட்டியதற்கு ஆதாரம் இல்லை என்ற இடம் வந்ததும் அவள் உடைந்துவிட்டாள்.

"அன்னிக்கி நீ கூட இருந்திருந்தா படிச்சி சொல்லியிருப்ப இல்லண்ணா."

நான் அங்கே இருந்ததை நீ அவளிடம் சொல்லவே இல்லை. இத்தனை வருஷமும்.

"இருந்தேம்மா" என்றேன்.

அவள் அழுகை நின்றுவிட்டது. தீர்ப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இப்போதெல்லாம் யார் எந்தத் தாளை நீட்டினாலும் கடைசி வரி வரை படிக்கிறேன். பக்கத்தில் நின்று நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய், இன்னா எழுதிக்கீதுப்பா என்று.