சும்மா இருக்கும் பெட்டியின் சூடு

மாப்ளே,

இன்று மத்தியானம் குரும்பலூரில் ஒரு கம்பத்துப் பெட்டியைத் திறந்தேன். பழைய பேட்டரியைக் கழற்றிவிட்டுப் புதியது வைக்கிற வேலை. தெருவே பூட்டிக் கிடந்தது. எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். ஒரு வீட்டிலும் இன்டர்நெட்டைத் தொட ஆளில்லை. ஆனாலும் உள்ளே வீடுவீடாக லைனைப் பிரித்துவிடுகிற சுவிட்சின் முதுகில் கை வைத்தால் அடைக்கோழியின் வயிறு போல வெதுவெதுவென்று இருந்தது. தூசி சூடேறுகிற வாடை வேறு. ஏணியில் நின்றபடி ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை.

“தொட்டுப் பாரு மச்சான். சும்மா இருக்கற பொருளு எங்கயாச்சும் சுடுமா?” என்று நீ கேட்டது ஞாபகம் வந்துவிட்டது.

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. அரியலூரில் உன் மகள் வீட்டில், சாப்பிட்டுக் கை கழுவப் போனவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய் என்றார்கள். நான் பஸ் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எழவுக்கு ஆயிரம் பேர் வந்ததாகத்தான் நான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். நீ இருந்தால், “இருநூறு பேரு இருக்கும்” என்று அங்கேயே வெட்டியிருப்பாய்.

அதுதான் எனக்குப் பெரிய குறை. நம் இருவருக்கும் உறவு ஒன்றும் கிடையாது. எட்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சு, அவ்வளவுதான். நான் அதோடு நின்றேன், நீ பத்து வரை போனாய். கேபிள் டிவி போட்டோம், பிறகு இன்டர்நெட் லைன் இழுத்தோம். நான் பேசுவேன், நீ மீட்டர் வைத்து அளப்பாய். டீக்கடையில் நான் ஒன்றைச் சொன்னால் ஆட்கள் உன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். “அண்ணே, எவ்வளவு கொறச்சுக்கணும்?” என்பார்கள். நீ டம்ளரை வைத்துவிட்டு, “இன்னிக்குப் பாதி போதும்” என்பாய். இப்போது குறைக்க ஆளில்லை. என் பேச்சு ஊதிக்கொண்டே போகிறது. பெரம்பலூர் ஜில்லாவிலேயே முதன்முதலில் பேட்டரி வைத்து லைன் கொடுத்தவன் நான்தான் என்று நேற்றுகூடச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நம்பிவிட்டார்கள். எனக்குச் சப்பென்று போய்விட்டது.

வேப்பந்தட்டைக்கு மேற்கே, மலையடியில் இருக்கிற அந்த எட்டு வீட்டைப் பற்றித்தான் எழுத வந்தேன். குன்று மறைப்பதால் அங்கே செல்போன் சிக்னல் எட்டாது. வேறு யாரும் போகாத இடத்துக்கு நாம் லைன் இழுத்தோம். ஊர் நடுவில் ஒரு வேப்ப மரம். ஆறு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்க வேண்டிய மரம். சரி, இரண்டு ஆள். அதில் பெட்டியை மாட்டி, எட்டு வீட்டுக்கும் பிரித்துவிடுகிற சுவிட்சை வைத்து, கரண்ட் போனால் ஓட ஒரு பேட்டரியும் வைத்தோம்.

பேட்டரிக் கணக்கு என்னுடையது. பம்புசெட்டுக் கணக்குத்தானே நமக்குத் தெரிந்த கணக்கு? மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறதோ அத்தனைக்குத்தான் கரண்ட், நிறுத்திவிட்டால் ஒன்றுமில்லை. அதே போல இதற்கும் போட்டேன். ஜனங்கள் சாயங்காலம் இரண்டு மணி நேரம் பார்ப்பார்கள். பேட்டரி பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். ஆக, ஆறு நாள். ஊரில், ஒரு வாரம் தாங்கும் என்று சொன்னேன்.

“ரெண்டு நாளு மீட்டர் போட்டுப் பாத்துட்டுச் சொல்லுவோம் மச்சான்” என்றாய்.

“நீ அளந்து முடிக்கறதுக்குள்ள ஒலகமே அழிஞ்சிரும். சொல்லிட்டேன், விடு” என்றேன்.

பிறகு அந்த ஊரில் ஒரு பெரியவர் இறந்தார். மகன் சிங்கப்பூரில் இருந்தான், லீவு கிடைக்கவில்லை. போனிலாவது அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தான். எடுக்கிறதுக்கு முந்தின நாள் பொழுது சாயும்போதே காற்றில் கம்பங்கள் சாய்ந்து கரண்ட் போய்விட்டது. அதனால் என்ன, நம் பேட்டரிதான் ஒரு வாரம் தாங்குமே என்று நான் நிம்மதியாக இருந்தேன். ராத்திரி முழுக்க யாரும் ஒன்றும் பார்க்கவில்லை. ஆனால் சுவிட்ச் சும்மா இருந்தபடியே பேட்டரியைத் தின்றுகொண்டிருந்தது. காலையில் பாடை கட்டிக்கொண்டிருக்கும்போது மகனின் போனில் படம் நின்றது. அதோடு முடிந்தது. மகன் கடைசி முகத்தைப் பார்க்கவில்லை.

நாம் போய்ச் சேர்ந்தபோது தூக்கிவிட்டிருந்தார்கள். பெரியவரின் மகள் தலைவிரி கோலமாக மரத்தடியில் நின்றிருந்தாள்.

“எங்கண்ணன் அங்க போனக் கையில வச்சிக்கிட்டு நிக்கிது. ஒரு வாரம் தாங்கும்னு சொன்னது யாருங்க?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன், “சொன்னது நான்தாம்மா. கணக்குப் போட்டது இவரு.”

உன் பக்கம் கையைக் காட்டினேன் மாப்ளே. நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஆமாம்மா, தப்பாயிப்போச்சு” என்றாய். அவள் உன்னைத் திட்டிய திட்டு ஒவ்வொன்றும் எனக்குச் சேர வேண்டியது. தலை குனிந்து வாங்கிக்கொண்டாய்.

மறுநாள்தான் நம் தெருப் பெட்டிக்கு மீட்டரை எடுத்து வந்தாய். எல்லோரும் படம் பார்க்கும்போது அஞ்சு வாட், யாருமே பார்க்காதபோது நாலு வாட். “ஒரு வாட்டுதான் மச்சான் வித்தியாசம்” என்று சொல்லி, என் கையை இழுத்துச் சுவிட்ச் மேல் வைத்தாய். கணக்கைத்தான் சொன்னாய். நான் கையைக் காட்டியதைப் பற்றி, சாகும்வரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டு அன்றே தீர்த்திருப்பேன்.

இன்று குரும்பலூர் ஏணியிலிருந்து இறங்கியவன் வீட்டுக்குப் போகவில்லை. வண்டியை நேராக மலையடிக்கு விட்டேன். அந்தப் பெண் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொல்லிவிட்டேன்: “அம்மா, அன்னிக்குக் கணக்குத் தப்பு என்னுது. அவரு மேல பழியப் போட்டுட்டேன்.”

அவள் முறத்தைத் தள்ளி வைத்தாள்.

“கணக்கு யாருதுன்னு யாருங்க இப்பக் கேட்டா? அன்னிக்குப் போன கரண்டு வர ஒம்போது நாளாச்சு. எங்கம்மா அண்ணங்கிட்டப் பேசாம சாப்புடாது. அவரு ஒம்போது நாளும் மத்தியான வெயில்ல பேட்டரியத் தூக்கிட்டு வந்து மாத்திட்டுப் போனாரு. ஒரு வா தண்ணிதான் வாங்கிக் குடிச்சாரு. நீங்கதான் வரல.”

எனக்குத் தெரியாது மாப்ளே. அந்த நாட்களில் தினமும், “மக்காச்சோளத்துக்கு மருந்தடிக்கணும்” என்று சொல்லிவிட்டுக் கிளம்புவாய். “அரைக் காணிக்கு எத்தன நாளுடா அடிப்ப?” என்று நான்தான் டீக்கடையில் எல்லோரும் கேட்க உன்னைக் கேலி செய்தேன். நீயும் சேர்ந்து சிரித்தாய்.

அவள் சொன்னதைத் தூக்கிக்கொண்டுதான் வந்தேன். என்ன எடை என்று சொல்லத் தெரியவில்லை. நான் சொன்னால் கூட்டித்தான் சொல்வேன். ஏன் என்னைக் கூப்பிடவில்லை நீ? ஒரு நாளாவது, “பின்னாடி ஏறு மச்சான்” என்று சொல்லியிருக்கலாமே.

கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன் என்று இந்த இடத்தில் எழுதினேன். அடித்துவிட்டேன்.