வரி விலக்கு என்று ஒரு சொல்

நவம்பர் 4
மழை. லெ ஆவ்ர் துறைமுகத்தில் சீனமும் பிரெஞ்சும் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் சுங்கச் சட்டமும் தெரிந்தவர்? காலையிலிருந்து தொலைபேசிதான். ஒருவர் கவிதை மட்டும்தான் மொழிபெயர்ப்பாராம். இன்னொருவர், "சுங்கமா? ஐயோ, ஆளை விடுங்க" என்று வைத்துவிட்டார்.

காவெலியே நெருக்குகிறார். மிதிவண்டி இறக்குமதிக்காரர், என் மொழிபெயர்ப்பு அலுவலகத்தின் பாதி வேலை அவருடையது. சீன அரசு தொழிற்சாலைக்குப் பணம் கொடுத்து விலையைக் குறைக்கிறது, கூடுதல் வரி கட்டு என்று அவர் சரக்கைச் சுங்கத்துறை முடக்கி வைத்திருக்கிறது. சீனத் தொழிற்சாலையின் வரி ஆவணம் வழக்கு விசாரணைக்குள் பிரெஞ்சில் வேண்டும்.

நவம்பர் 7
இன்றும் யாரும் கிடைக்கவில்லை.

நவம்பர் 12
சுற்றுலா வழிகாட்டி ஒருவர் செய்து கொடுத்தார். தொழிற்சாலைக்கு 'வரி விலக்கு' என்று எழுதியிருந்தார். காவெலியே பூரித்துப்போனார். "பாத்தீங்களா ஓடில்? வரியே இல்ல, அதான் விலை கம்மி. அரசாங்கப் பணம்னு சுங்கக்காரன் கத்தறதெல்லாம் சும்மா!"

எனக்கு உறுத்தியது. ஒரே சீனச் சொல் பிரெஞ்சில் பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறதே. மொழிபெயர்ப்பு சரி என்று என் முத்திரை குத்தவில்லை.

நவம்பர் 15
பக்கத்து நகரமான ரூவானில் ஷென் யூச்சின் என்று ஒரு பெண்மணி. சீனாவில், நிங்போவில் வரி வழக்கறிஞராக இருந்தவர், இப்போது சீன வகுப்பு எடுக்கிறார். "சட்டமே வேணாம்னுதாங்க விட்டுட்டு வந்தேன்" என்றார். ஏன் என்று கேட்கவில்லை. கெஞ்சினேன், வெட்கமில்லாமல்.

"சரி, இந்த ஒரு தடவை. ஆனா யாருக்குப் பிடிக்கலைன்னாலும் உள்ளதைத்தான் எழுதுவேன்."

நவம்பர் 20
யூச்சின் முடித்துக் கொண்டுவந்தார். விலக்கு இல்லையாம். கட்டிய வரியை அரசு திருப்பிக் கொடுத்திருக்கிறது. சீனத்தில் ஒரே எழுத்துதான் வித்தியாசம். ஆக, சுங்கத்துறை சொல்வதுதான் சரி.

காவெலியே குதித்தார். "ஒரு எழுத்துதானே! மொதல்ல வந்தவர் எழுதினதுக்கே முத்திரை போடுங்க. ஜட்ஜுக்குச் சீனம் தெரியுமா?"

"அவங்க பக்கமும் தெரிஞ்ச ஆள் இருப்பாங்க, ஐயா" என்றார் யூச்சின்.

"உன்கிட்ட யாரு கேட்டா?" பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "எத்தனை வருஷப் பழக்கம், ஓடில்..."

முடியாதுன்னுட்டேன். காகிதங்களை வாரிக்கொண்டு போய்விட்டார். பாதி வேலையும் அவரோடு போயிற்று — நான் என்ன பண்ணியிருக்கணும்?

நவம்பர் 21
சூப் வைத்தேன். சாப்பிடவில்லை.

டிசம்பர் 9
அலுவலகத்தை மூடிவிடலாமா என்று யோசனை. யோசிக்கவும் அலுப்பாக இருக்கிறது. யூச்சின் அழைத்தார். "என்னாலதானே உங்களுக்கு இந்த நஷ்டம். வெள்ளிக்கிழமைதோறும் உங்க ஆபீசுல வந்து உக்காரட்டுமா, உதவிக்கு?" வேலையே இல்லை என்றேன். "இருக்கட்டும், சும்மா உக்காந்துக்கறேன்."

ஜனவரி 16
வெள்ளி. காவெலியே வந்தார், இளைத்துப்போய். வேறு எங்கோ 'விலக்கு' என்றே எழுதி வாங்கினாராம். அவருடைய வக்கீல் சரிபார்க்கக் கொடுத்ததில் விஷயம் தெரிந்துவிட்டது. "இதைத் தாக்கல் பண்ணா நீங்க ஜெயிலுக்கு, நான் வீட்டுக்கு" என்றாராம் வக்கீல். கிடங்கை விற்று வரியைக் கட்டியிருக்கிறார்.

நன்றியும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. புது ஒப்பந்தம் ஒன்றை மேசையில் வைத்தார். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அந்தம்மா ஒரு தடவை பாத்துடட்டும்."

யூச்சின் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உக்காருங்க. நேரமாகும்."

உட்கார்ந்தார்.