தொட்டில் மூலையில் வைத்த மாவு

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அவளுடைய முழங்கால் வலி மட்டும் குளிர்காலம் வந்ததும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. நீயும் மாப்பிள்ளையும் நாலு மாதக் குட்டியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில் மேலே எழுதுகிறேன். இது யார் கையெழுத்து என்று யோசித்திருப்பாய், என்னுடையதுதான். ஏழு மாதமாக எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள நூலகத்து மாலை வகுப்புக்குப் போகிறேன், உன்னிடம் சொல்லக் கூடாது என்று உன் அம்மாவின் வாயைக் கட்டி வைத்திருந்தேன். ஒரு பக்கம் எழுதுவதற்குள் ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது, ஆனாலும் என்ன சந்தோஷம் தெரியுமா, இனிமேல் என் கோபத்தை நானே எழுதலாம். இத்தனை வருஷம் எனக்குக் கடிதம் எழுதியும் படித்தும் கொடுத்த தையல்காரர், நான் அரை மணி நேரம் கத்தினால், அப்பா சற்று வருத்தப்பட்டார் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

அவரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். குட்டியோடு வருகிறோம், ஆனால் லாட்ஜில்தான் தங்குவோம், நம் வீட்டுப் பின்னறைக் குளிர் குழந்தைக்கு ஆகாது என்று நீ எழுதியிருந்ததை நானே படித்தேன். அதன்பிறகு சும்மா இருக்க முடியாமல் பெட்டியிலிருந்த உன் பழைய கடிதங்களையும் எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். குட்டி பிறப்பதற்கு முன்னாலிருந்தே, மூன்று வருஷமாக, அந்த அறைக் குளிரைத்தான் எழுதியிருக்கிறாய். மாமாவோட ரூம் ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கு என்று மாப்பிள்ளை சொன்னதுகூட இருக்கிறது. தையல்காரர் எனக்குப் படித்துக் காட்டியதோ, மாப்பிள்ளைக்கு வேறு பக்கம் வேலை இருக்கிறது, அதனால் லாட்ஜ் என்று. நேரே போய்க் கேட்டேன். "உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்ணே" என்கிறார், மிஷினிலிருந்து கண்ணை எடுக்காமல்! ஒரு நல்ல மனிதரை மூன்று வருஷம் தலைக்கனம் பிடித்தவர் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேனே, அந்தப் பாவம் யாரைச் சேரும்? இதை மாப்பிள்ளையிடம் அப்படியே சொல், நீயும் சுருக்கிவிடாதே.

அடுத்தது உன் அண்ணன். விஷயத்தைச் சொன்னதும் கடைக்குப் போய் ஊதுகிற ஹீட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். பன்னிரண்டுக்குப் பத்தடி அறை என்றானாம், ஆயிரம் வாட் தாராளம் என்றாராம் கடைக்காரர். உயரத்தை அவரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. அது மாவு மூட்டை அடுக்கிய கிடங்காக இருந்த அறை, பதினாலடி உயரம், மேலே தகரம், ஒற்றைச் செங்கல் சுவர். நான் எடுத்துச் சொன்னால், "கடைக்காரருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்" என்கிறான். நாற்பது வருஷம் பேக்கரி அடுப்படியில் நின்றவனிடம் சூட்டைப் பற்றிப் பேசுகிறான்! நான் வாயால் சண்டை போடவில்லை. மாவைப் பிசைந்து, ஈஸ்ட் போட்டு, மூன்று கிண்ணத்தில் ஒரே அளவு வைத்தேன், சூடு எட்டுகிற இடத்தில்தானே மாவு எழும்பும். ஒன்று ஹீட்டர் முன்னால், ஒன்று நடுவில், ஒன்று தொட்டில் போட நினைத்திருந்த மூலையில். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் முதல் கிண்ணம் காற்று அடித்து மேலே காய்ந்து வெடித்திருந்தது, நடுக்கிண்ணம் அரைகுறை, தொட்டில் மூலையில் இருந்தது வைத்தது வைத்தபடி கல்லாகக் கிடந்தது. அந்தக் கிண்ணத்தையும் ஹீட்டரையும் அட்டைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு, உன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய் மேஜைமேல் வைத்தேன். "பெரியவரே, இது ஹீட்டர் கடை, பேக்கரி இல்ல" என்றார் அந்த ஆள், அதுவும் என்னைப் பார்த்து இல்லை, உன் அண்ணனைப் பார்த்து. நான் பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்ததை விரல் வைத்து எல்லோரும் கேட்கப் படித்தேன். எட்டடி உயரத்துக்கு மேற்படாத, இடுக்கு இல்லாத அறைகளுக்கு மட்டும். "அதெல்லாம் யாரு படிக்கிறாங்க" என்றார். "நான் படிக்கிறேன்" என்றேன். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். உன் அண்ணன் மேலே ஓடாமல் தொங்குகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாற்றி எடுத்து வந்தது எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர், பதினோரு பட்டை, இரண்டாயிரத்து ஐந்நூறு வாட். நம் அடுப்புச் செங்கல் மாதிரி மெல்லச் சூடேறும், அணைத்தாலும் உடனே விடாது. உன் அம்மா பார்த்துவிட்டு, "உங்களை மாதிரியேதான், சூடாக நேரமாகும், சூடானா லேசுல ஆறாது" என்றாள். இருக்கட்டும். எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டினால் வயர்தான் முதலில் சூடாகும் என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி லைன் இழுத்தேன். சன்னலுக்குக் கீழே, திரைச்சீலை படாத தூரத்தில், தொட்டிலுக்கு எதிர்ப்பக்கம் வைத்திருக்கிறேன். இத்தனைக்குப் பிறகும் மாவு வைத்துப் பார்த்தால் மூலைக் கிண்ணம் பாதிதான் எழும்பியது. சன்னலோரம் கையை வைத்தால் விரல் நுழைகிற இடுக்கு. அந்தச் சட்டத்தைப் பொருத்தியவன் நான்தான், ஆகவே அன்றைக்கு முழுவதும் என்னையே திட்டிக்கொண்டேன். தச்சரைக் கூப்பிட்டு இடுக்கை அடைத்து, தகரத்துக்குக் கீழே பலகை அடித்தாயிற்று. எந்த ஹீட்டர் வாங்கினாலும் இந்த அறை பாதிச் சூட்டைக் குடித்துவிடும் என்று அவர் சொன்னது சரிதான், ஆனால் அதை ஆணி அடிக்கிற நேரம் பார்த்தா சொல்வது?

முந்தாநாள் மறுபடி மூன்று கிண்ணம் வைத்தேன். மூன்றும் ஒன்றுபோல் எழும்பின, மூலையில் இருந்தது விளிம்பைத் தாண்டித் தரையில் வழிந்துவிட்டது. உன் அம்மா அதைத் துடைத்தாள், திட்டவில்லை. துடைத்த இடத்தில் தொட்டிலை இழுத்துப் போட்டுவிட்டு, சும்மா ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள்.

குட்டிக்கு ஒரு குறையும் வராது, மூவரும் நன்றாக இருங்கள். அங்கே உன் வீட்டு ஹீட்டர் பெட்டியின் பின்பக்கத்தையும் ஒரு முறை படித்துப் பார். மறக்காமல் பதில் போடு. வருகிறாய் என்றாலும் எழுது, லாட்ஜ்தான் என்றாலும் அப்படியே எழுது, படிக்கப்போவது நான்தான்.

இப்படிக்கு,
யாரையும் எழுதச் சொல்லாமல் எழுதிய
உன் அப்பா