படத்தில் தெரிந்த போர்வை

மார்ச் 3

இன்று கார் ஓட்டக் கற்க வந்தவர் ஒரு பல் டாக்டர். அடுத்தவர் வாயைத் திறக்க வைத்தே பழகியவர், ஸ்டியரிங்கைப் பிடித்ததும் தானே வாயைப் பிளந்துகொண்டு ஓட்டினார். வளைவில் நான் என் பக்கத்துப் பிரேக்கை மிதித்த வேகத்தில் வயிற்றில் ஒட்டியிருக்கும் பையின் ஓரம் விட்டுக்கொண்டது. கண்ணாடியை இறக்கினேன்.

"ஏசி ஓடுதே சார்?"

காற்று வரட்டும் என்றேன்.

பெருங்குடலை எடுத்து, வயிற்றில் துளை போட்டு, மலம் இறங்க ஒரு பை ஒட்டி இரண்டு வருடம் ஆகிறது. வீட்டுக்காரியைத் தவிர யாருக்கும் தெரியாது. போனில் இருக்கும் நோயாளிகள் குழுவுக்குத் தெரியும். அங்கே யாருக்கும் யாருடைய நிஜப் பெயரோ நம்பரோ தெரியாது; என் பெயர் ஓட்டைவாளி.

மார்ச் 5

குழுவில் புதிதாக ஒருவர். பெயர் வைத்துக்கொள்ளாததால் எல்லோரும் 'புதுசு' என்கிறோம். குடலில் கட்டி. இந்த மாதத்துக்குள் எடுத்தாக வேண்டும், பையும் வைத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"அதைச் சுமந்துகிட்டு வாழறதுக்குப் போய்ச் சேர்ந்துடலாம். நாத்தத்தோட யார் வீட்டுப் படி ஏறுறது?"

சுருக்கென்றது.

மார்ச் 6

பதில் எழுதி எழுதி அழித்தேன். எல்லாம் அறிவுரையாகவே வந்து தொலைகிறது. கடைசியில் கட்டிலில் படுத்து, சட்டையைத் தூக்கி, ஒரு படம் எடுத்துப் போட்டேன். முகம் இல்லை, வயிறும் பையும்தான். கீழே எழுதினேன்: "இதோடதான் தினமும் வேலைக்குப் போறேன். மூணு நாள் முன்னாடி கார்ல கசிஞ்சுது. கண்ணாடியை இறக்கினேன். அவ்வளவுதான்."

மார்ச் 7

புதுசு படத்தைப் பார்த்துவிட்டதாகக் காட்டுகிறது. பதில் இல்லை.

குழுவை நடத்தும் நர்சம்மா தனியாகத் திட்டி அனுப்பினார். "முகம் மட்டுமா அடையாளம்? பின்னாடி போர்வை தெரியுது. தெரிஞ்சவங்க கண்ணுல பட்டா என்ன செய்வீங்க?"

படத்தை நீக்கிவிட்டேன். ஆனால் பார்த்தவர்கள் பார்த்ததுதானே. என் பழைய சட்டைகளை வெட்டி அக்கா தைத்துக் கொடுத்த போர்வை அது. அதில் ஓட்டுநர் பள்ளியின் காக்கிச் சீருடையும் இருக்கிறது, பள்ளிப் பெயரோடு.

மார்ச் 9

முதலாளி கூப்பிட்டு, "உடம்பெல்லாம் சௌகரியமா?" என்றார். ஒரு நாளும் கேட்காதவர் இன்று ஏன் கேட்கிறார்? வயிற்றில் புளியைக் கரைக்கிறது. எனக்கு அது நேரே பைக்குத்தான் போகும்.

மார்ச் 10

புதுசு வாயே திறக்கவில்லை. இருப்புக் கொள்ளவில்லை. படத்தைப் பார்த்துப் பயந்துடுச்சோ? நல்லது பண்றேன்னு கிளம்பி ஒரு உயிரை— என்னை யாரு படம் போடச் சொன்னா?

"போனைக் கீழ வைங்க. கைக்குழந்தை மாதிரி அதையே தூக்கிட்டு அலையறீங்க," என்றாள் வீட்டுக்காரி. அக்காவும் ஒரு வாரமாகப் போனை எடுப்பதில்லையாம், அது வேறு அவளுக்குக் குறை. அக்கா வீட்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருப்பாள். எதைத் தொட்டாலும் மூன்று தடவை கை கழுவுகிறவள். அருவருப்பாளோ என்ற பயத்தில்தானே அவளிடம் குடலிறக்க ஆபரேஷன் என்று புளுகி வைத்தேன்.

மார்ச் 11

ஒன்றும் இல்லை.

மார்ச் 13

புதுசிடமிருந்து தனிச் செய்தி:

"காக்கித் துண்டுகிட்ட தையல் விட்டிருக்கு. அப்படியே விட்டா பிரிஞ்சுட்டே போகும். எடுத்து வைடா, வந்து தைச்சுத் தரேன்."

காரை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கி நின்றேன். பல் டாக்டர் பயந்துபோய், "நான் எதையாவது இடிச்சுட்டேனா?" என்றார்.

அக்கா. அக்காவுக்கா கட்டி? போய்ச் சேர்ந்துடலாம்னு எழுதினது அவளா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே. நான் மட்டும் சொன்னேனா?

மார்ச் 14

அக்கா வந்தாள். போர்வையைக் கேட்கவில்லை. "குடலிறக்கமாம்," என்று தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு, "காட்டு," என்றாள்.

பை மாற்றினேன். துடைப்பது, காயவிடுவது, ஒட்டுவது என எல்லாவற்றையும் குனிந்து பார்த்தாள்.

"வலிக்குமா?"

"வலிக்காது. அரிக்கும். நிஜமாவே போய்ச் சேர்ந்துடலாம்னு இருந்தியா?"

"இருந்தேன். உன் வயித்தைப் பார்க்கிற வரைக்கும்."

வியாழக்கிழமை ஆபரேஷன். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். பழைய பையைக் குப்பையில் போட எழுந்தேன். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் அவளே போட்டாள்.

போய்க் கை கழுவினாள். ஒரே தடவைதான். துடைத்துக்கொண்டே வந்து, "ஊசி எங்கடா வச்சிருக்கீங்க?" என்றாள்.