பளபளப்பு உள்பக்கம்

7 ஜூன் 2006, புதன்

வெயில். காலையிலிருந்து கரண்ட் இல்லை. சில்வியின் கல்யாண கவுன் வெட்டினேன். அவளுடைய அத்தை பாரிஸிலிருந்து கொண்டுவந்த வெள்ளை சாட்டின் பட்டு. ஷார்மூஸ் என்கிறார்கள். ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். மேசையில் நிற்கவே இல்லை, வழுக்கி ஓடுகிறது. அடியில் வெள்ளைத் தாள் விரித்து, ஓரத்தில் மட்டும் குண்டூசி குத்தி, தாளோடு சேர்த்து வெட்டினேன். நடுவில் குத்தினால் ஓட்டை அப்படியே நிற்கும்.

சில்வி சொன்னதுதான் புதுசு. "பளபளப்பு உள்பக்கம் வரட்டும் அக்கா. மேல படுறப்ப நல்லாருக்கு. வெளிய மங்கலா இருந்தா போதும்." அத்தைக்குத் தெரியுமா என்று இரண்டு தடவை கேட்டேன். "நான் சொல்லிக்கிறேன்" என்றாள்.

வாங்க: வெள்ளைப் பட்டு நூல், மெல்லிய ஊசி, தங்கை மும்தாஜுக்குத் தலைவலி மாத்திரை.

10, சனி

கோபத்தில் எழுத்து கோணல்.

அத்தை வந்து கவுனைப் பார்த்தாள். "ஏம்மா, எது நல்ல பக்கம்னுகூடத் தெரியாதா உனக்கு? நைட்டி தைக்கிறவகிட்ட குடுத்தது என் தப்பு." கடையில் மூன்று பேர் இருந்தார்கள்.

நான் சில்வியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

பிரித்துத் திருப்பித் தைக்க வேண்டுமாம். பிரித்தால் ஊசி போன தடம் அத்தனையும் தெரியும். சொன்னேன். பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனாள்.

இருபத்திரண்டு வருஷத் தையல். மாதா கோயிலில் புதுநன்மைக்கு, முதல் நற்கருணை வாங்க, நின்ற எத்தனை பிள்ளைகளுக்குத் தைத்திருக்கிறேன்.

மும்தாஜ்: "விடு லாத்தா. அவங்க அப்படித்தான்."

ஏன் விட வேண்டும்? அத்தைமேல்கூட இவ்வளவு கோபம் இல்லை. அவளுக்கு விஷயம் தெரியாது. தெரிந்தவள் பக்கத்தில் நின்றாளே.

11, ஞாயிறு

சில்வி மூன்று முறை போன். எடுக்கவில்லை. சாயங்காலம் நேரில் வந்து அழுதாள்.

"கல்யாணத்துக்கு எல்லாமே அத்தைதான் செய்யிறாங்க அக்கா. பயந்துட்டேன்."

"என்னைத் தைக்கத் தெரியாதவன்னு நாலு பேரு முன்னாடி சொன்னாங்க. அதே எடத்துல வந்து உண்மையைச் சொல்லு. அப்புறம் கவுனை எடுத்துக்க."

வரும் சனி கல்யாணம். தெரிந்துதான் சொன்னேன். கவுனை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

13, செவ்வாய்

புழுதிக் காற்று. சில்வியும் அத்தையும் வந்தார்கள். பிளவுஸ் வாங்க வந்த வைத்திக்குப்பத்து மீன்காரம்மாவும் கடையில்.

"நான்தான் அத்தை அப்படித் தைக்கச் சொன்னேன். அக்கா ரெண்டு தடவ கேட்டாங்க." குரல் பாதிதான் வந்தது. ஆனாலும் சொன்னாள்.

"அவ்ளோ தூரத்துலேர்ந்து கொண்டாந்தது, யாரும் பாக்கக் கூடாதுன்னா?"

"போட்டுக்கப் போறது நான்தானே."

அத்தை அவளை முறைத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. மன்னிப்பு தமிழிலும் வரவில்லை, பிரெஞ்சிலும் வரவில்லை.

மீன்காரம்மா: "போட்டுக் காட்டும்மா, பாப்போம்."

போட்டுக்கொண்டு வந்தாள். எங்கும் சுருக்கம் இல்லை. நடந்தால் துணி கூடவே நடக்கிறது. நன்றாகத் தைத்திருக்கிறேன். அந்த வீட்டார் யாரும் சொல்லவில்லை, நானே எழுதி வைக்கிறேன்.

15, வியாழன்

அத்தை தனியாக வந்தாள். கையில் ஒரு பட்டுப்புடவை. "நாளன்னிக்குக் கோயிலுக்குக் கட்டணும். பிளவுஸ் நீதான் தைக்கணும்."

கையில் வேலை இருக்கிறது என்றேன். மேசை காலியாகத்தான் இருந்தது. அவளும் பார்த்தாள்.