மாடி வீட்டுக் குவைத்

நேற்று மதியம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, உன் அக்கா காலி செய்துகொண்டிருக்கும் வீட்டுக்கு நடந்து வந்தேன். தையற்கடை முன்னால் வந்ததும் கைப்பைக்குள் போன் அடுத்தடுத்து அதிர்ந்தது. வெளியே போகும்போது நான் டேட்டாவை அணைத்து வைப்பவள் என்பது உனக்குத் தெரியும். எங்காவது வைஃபை கிடைத்தால்தான் செய்திகள் மொத்தமாக வந்து விழும். எடுத்துப் பார்த்தேன். போன் தானாகவே 'குவைத்'தோடு இணைந்திருந்தது.

உன் வீட்டு வைஃபைக்கு நீ வைத்த பெயர். போன முறை அக்கா பாஸ்வேர்டு சொல்ல, நானே போட்டதுதான். ஆனாலும் நடுத்தெருவில், வெயிலில், அந்தப் பெயரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். நீ இருந்த குவைத் இந்தத் தெருவில் ஒரு மாடியில் இருந்திருக்கிறது. ராஜபாளையத்தில் என் வீட்டிலிருந்து அரை மணி நேர பஸ் பயணம்.

நீ போன அன்று காலை உன் பெயரில்தான் அழைப்பு வந்தது. உன் படம், அந்த நாட்டு நம்பர், எல்லாம் வழக்கம்போல. நீ வெள்ளிக்கிழமை மட்டும்தானே அழைப்பாய் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

"என்னட்டி, இன்னைக்கி லீவா?"

பேசியது உன் அக்கா. "தாயி, அவ நம்மள விட்டுப் போயிட்டா" என்றார். நான் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுது ஓய்ந்த பிறகு கேட்டேன்.

"எப்பக்கா கொண்டு வாராங்க? மதுரைக்கா, திருவனந்தபுரத்துக்கா?"

"எங்க இருந்து?"

"குவைத்துல இருந்துக்கா."

அக்கா மெதுவாகச் சொன்னார். "அவ இங்கனதான் இருக்கா. வில்லிபுத்தூர்ல. தை மாசமே வந்துட்டா. நீ மொதல்ல பொறப்பட்டு வா, பொறவு சொல்லுதேன்."

பஸ்ஸில் வரும்போது உன் நம்பரைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அக்காவுக்குத் துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றுகூட நினைத்தேன். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வாட்ஸ்அப்புக்கு ஒரு தடவ அந்த ஊரு சிம் போதும். பொறவு எந்த ஊர்ல, எந்த வைஃபைல இருந்து பேசினாலும் பழைய நம்பர்தான் காட்டும்." அப்படியென்றால் இத்தனை மாதமும் என்று நான் ஆரம்பித்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

குளிர்பெட்டிக்குள் கிடந்தவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டோம் என்று ஒரு நொடி ஆசையாக நினைத்தேன். உன் தெற்றுப்பல் மட்டும் மாறாமல் இருந்தது.

கல்லூரி வேதியியல் லேபில் ஒரே மேசையில் நின்றவர்கள் நாம். வர வேண்டிய விடைக்கு ஏற்றபடி அளவைத் திருத்துவது என் வழக்கம். நீ பியூரெட்டை விட்டுக் கண்ணெடுக்காமல், "ரிசல்ட் வந்தாச்சுன்னா அழுது மாத்த முடியாதுட்டி" என்பாய். நான் கல்யாணமாகி ராஜபாளையத்தில் தங்கிவிட்டேன். நீ கல்யாணம் வேண்டாம் என்று லேப் வேலைக்குக் குவைத் போனாய். முதலில் போன் கார்டு வாங்கிப் போட்டு, வார்த்தைகளை விழுங்கி விழுங்கிப் பேசினோம். வைஃபை வந்த பிறகு உனக்கு வாயே மூடவில்லை. வெள்ளிக்கிழமை உனக்கு விடுமுறை. போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நீ துணி மடிப்பாய், நான் கீரை ஆய்வேன். பேசாமல்கூட இருந்திருக்கிறோம். இரண்டரை மணி நேரத்தைக் கழித்து, நீ அங்கே எழுந்திருப்பாயா, சாப்பிட்டிருப்பாயா என்று கணக்குப் பார்ப்பது எனக்குப் பழகிப்போயிருந்தது.

இந்த வருடம்தான் நீ வீடியோவை நிறுத்தினாய். "ஹாஸ்டல் வைஃபைய ஆளாளுக்கு இழுக்காளுக. படம் போட்டா குரலும் போயிருது" என்றாய். நான் நம்பினேன். ஒருநாள் உன் குரலுக்குப் பின்னால், "ராஜபாளையம், ராஜபாளையம், தென்காசி" என்று கண்டக்டர் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"என்னட்டி, குவைத்துக்கும் நம்ம ஊரு பஸ் வந்துட்டா?"

"பக்கத்து ரூம்காரி ஊரு நெனப்புல யூடியூப் பாக்கா."

"கண்டக்டர் கத்துறதக்கூடவா போடுதான்?"

"போடுவான்ட்டி. அதையும் ஒன்ன மாதிரி ஒருத்தி பாப்பாள்ல."

எம்புட்டு நேரம் சிரித்தோம். உனக்கு இருமல் வந்தது. ஏ.சி. காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றாய்.

எல்லாம் முடிந்து மயானத்திலிருந்து ஆட்கள் திரும்பிய பிறகு அக்கா சொன்னார். கணையத்தில் புற்றுநோய். உன் இரத்தப் பரிசோதனை முடிவை நீயே முதலில் பார்த்திருக்கிறாய். கான்சாபுரத்தில் அக்கா வீட்டில் தங்கினால் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்வர முடியாது என்று இந்த மாடியை வாடகைக்குப் பிடித்திருக்கிறாய். கட்டில் வருவதற்கு முன்பே வைஃபை வந்துவிட்டதாம்.

"ஒங்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டா" என்றார் அக்கா. "வெள்ளிக்கெழம வந்துட்டா நான் மிக்ஸி போடக் கூடாது, டிவி போடக் கூடாது. ஒரு வாரம் அவகூட சண்ட போட்டேன். பாவம்டி அவ, சொல்லீருன்னேன். அதுக்குச் சொல்லுதா, 'பாக்க வாரவுக எல்லாரும் மொதல்ல என் மொட்டத் தலையத்தான் பாக்காக. அவ ஒருத்திக்கித்தான் நான் இன்னும் குவைத்துல வேல பாக்கேன். அத ஏன்க்கா கெடுக்க?'ன்னா."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நான் வந்திருந்தால் உன் தலையையா பார்த்திருப்பேன்? உன்னைக் குளிப்பாட்டியிருக்க மாட்டேனா? என்னைப் பார்க்க வேண்டும் என்று உனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லையா? கருமாதிக்கு வந்தபோதும் அதே கேள்விதான் இருந்தது. அக்காவிடம் கேட்கவில்லை. 'ஆமா, தோணல' என்று சொல்லிவிட்டால்?

நேற்று பாத்திரங்களை மூட்டை கட்டிவிட்டு, உன் கட்டில் கிடந்த இடத்தில் ஜன்னலோரமாகச் சாய்ந்தேன். கீழே பார்த்தேன். தையற்கடையின் நீலப் பலகை. அதன் மேல் கோணலாகத் தொங்கும் ட்யூப்லைட். பக்கத்தில் பூக்காரி வைத்திருக்கும் கல். அங்கே நான் நின்றிருக்கிறேன்.

ஆவணியில் இந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வந்தேன் அல்லவா. மண்டபத்திலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது நானே உன்னை அழைத்தேன். ஊரைக் காட்டுகிறேன் என்று டேட்டாவைப் போட்டு, வீடியோவைப் போட்டு, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். உன் பக்கம் வழக்கம்போல இருட்டு. "பாத்துக்கோ, ஒனக்கில்லாத ஊரு. பூ வெலையக் கேட்டா நீயும் அங்கேயே இருந்துருவ" என்று என்னவோ உளறினேன். தையற்கடை அருகே வந்தபோது நீ திடீரென்று சொன்னாய்.

"அங்கனயே செத்த நேரம் நில்லுட்டி."

"எதுக்கு? இங்க என்ன இருக்கு, சட்ட தைக்கவா?"

"நில்லேன். ஊரப் பாத்துக்கிடுதேன்."

நின்றேன். நீ பேசவே இல்லை. லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னேன். "இருக்கேன், இருக்கேன்" என்றாய். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான்தான் வைத்தேன்.

"அக்கா" என்றேன். அவர் மோடத்தின் ஒயரைச் சுற்றிக்கொண்டே நிமிர்ந்தார். நான் ஜன்னலைக் காட்டினேன். என்ன கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஒனக்குத் தெரியாதுன்னே நெனச்சேன்" என்றார். "அன்னைக்கி நீ தெருவக் காட்டிக்கிட்டே வார. போன்ல நம்ம வீட்டுக் கேட்டு தெரியுது. எந்திரிக்க முடியாதவ, என் தோளப் பிடிச்சு எந்திரிச்சு ஜன்னலுக்கு வந்துட்டா. போனக் கையால பொத்திக்கிட்டா, நீ ஹலோங்கும்போது மட்டும் எடுத்துப் பேசுனா. ஒன்னையேதான் பாத்துக்கிட்டு நின்னா. நீ வெரசா முந்தானைல மூக்கத் தொடச்ச. 'பாருக்கா, பட்டுச்சேலைல மூக்கத் தொடைக்கா கழுத'ன்னு ஒரே சிரிப்பு. ஒன் தல தெருமுனையில மறையிற வரைக்கும் நின்னா. கை தட்டிக் கூப்பிடவான்னேன். என் வாயப் பொத்திட்டா. அன்னைக்கித்தான் அவளாக் கேட்டு ரெண்டு தோச சாப்பிட்டா."

என்னால் அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. படியிறங்கித் தெருவுக்கு வந்தேன். பூக்காரி, "என்னம்மா வேணும்?" என்றாள். ஒன்றும் இல்லை என்றேன்.

என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. கோபம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் அந்தப் பட்டுச்சேலையை இன்னும் துவைக்கப் போடவில்லை. கடைசியாக நீ என்னைப் பார்த்தது அதில்தான். நிமிர்ந்து பார்த்திருந்தால் நானும் உன்னைப் பார்த்திருப்பேன். நானோ போனையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதில்தான் நீ இருக்கிறாய் என்று.

தையற்கடை முன்னால் அதே இடத்தில் நின்று நேற்று நிமிர்ந்து பார்த்தேன். மேலே அக்கா ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார். கையில் போனைப் பார்த்தேன். ஒயரைக் கழற்றியாயிற்று, குவைத் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

நீ சொன்ன மாதிரி, செத்த நேரம் நின்றேன்.